வகுப்பறைக்குள் ஓர் ஓடை

பள்ளிக்கூடத்திலே எழுதப்படும் கட்டுரைக்கு இவ்வுலகில் வாசகர் ஒருவரே. அவர் கையிற் சிவப்பு மைப் பேனா இருக்கும். அவர் அக்கட்டுரையை விரும்பித் தேடி எடுத்தவரல்லர். நாற்பது கொப்பிகளுள் ஒன்றாக, இராக்காலத்தில், கடமைக்காக வாசிப்பவர். வாசித்து முடிந்ததும் புள்ளியிடுவார், கொப்பி மூடப்படும், அத்தோடு கட்டுரையின் ஆயுள் தீர்ந்தது. 'எனது கிராமம்' என்றும், 'மழைக்கால இரவு' என்றும், 'பழைய குடையின் சுயசரிதை' என்றும் தலைமுறை தலைமுறையாக எம் பிள்ளைகள் எழுதித் தள்ளிய கட்டுரைகள் எத்தனை ஆயிரம்! அவற்றுள் ஒன்றையேனும் அடுத்த ஊரார் வாசித்ததுண்டா? அடுத்த வகுப்பார்தாம் வாசித்ததுண்டா?

எழுத்தென்பது ஒருவர் மற்றொருவருக்குச் சொல்லும் பேச்சு. கேட்பார் இல்லாதவிடத்துப் பேச்சு எங்ஙனம் பிறக்கும்? பிள்ளைகள் கெட்டிக்காரர்; இதனை விரைவில் அறிந்துகொள்கின்றனர். கேட்பார் இல்லையென்று தெரிந்ததும் உள்ளத்திலிருந்து எழுதுவதை நிறுத்திவிட்டு, புள்ளி தரக்கூடிய வசனங்களை மனனஞ் செய்யத் தொடங்கிவிடுகின்றனர். கடலோரத்துப் பிள்ளை ஒருத்தி தன் ஊரைப் பற்றி எழுதும்போது, தான் ஒருநாளும் காணாத 'சலசலவென ஓடும் அருவி'யைக் கொண்டுவந்து வைப்பதன் காரணம் இதுவே. அது பிள்ளையின் பிழையன்று.

இக்குறையை முன்னையோர் உணராதிருந்தனர் என்று சொல்வதற்கில்லை. எம் நாட்டுப் பாடசாலைகளிலே கையெழுத்துச் சஞ்சிகைகள் நடந்த காலம் ஒன்றிருந்தது. ஒரே ஒரு பிரதி. அழகிய கையெழுத்துடைய மாணவன் ஒருவன் எழுதுவான். சித்திரக்காரன் ஒருவன் அட்டைப்படம் வரைவான். ஓரங் கிழியும்வரை அது கைமாறிக்கொண்டேயிருக்கும். நா. பொன்னையா 1930இல் தொடங்கிய 'ஈழகேசரி' போன்ற பத்திரிகைகளும் இளையோரின் எழுத்துக்கு இடம் விட்டன. பின்னாளிற் பெயர் பெற்ற எழுத்தாளர் பலர் தம் முதல் வாசகரைக் கண்டது இத்தகைய ஏடுகளிலேதான், பரீட்சைத் தாளிலன்று.

இதே எண்ணத்தைப் பிரான்சு தேசத்து ஆசிரியர் ஒருவர் மிகத் தூரம் கொண்டுசென்றார். செலஸ்தீன் பிரெனே என்பது அவர் பெயர். முதலாம் உலகப் போரிலே நுரையீரலிற் காயம்பட்டமையால் உரத்த குரலில் நீண்ட நேரம் பாடஞ் சொல்ல அவரால் இயலவில்லை. பார்-சூர்-லூ என்னும் மலைக்கிராமத்துப் பாடசாலையில், 1924ஆம் ஆண்டளவில், சிறிய அச்சுப்பொறி ஒன்றை வாங்கி வகுப்பறையில் வைத்தார். பிள்ளைகளை வெளியே உலாவ அழைத்துச் செல்வார், கண்டதைப் பேசுவர், பேசியதை எழுதுவர், எழுதியதைத் தாமே எழுத்துக் கோத்து அச்சிடுவர். 1926இல், நாட்டின் மறுகோடியிலே, பிரித்தானி கடற்கரையிலுள்ள திரேகங்க் என்னும் ஊரின் பள்ளிக்கூடத்தோடு தொடர்பு உண்டாயிற்று. மலைப் பிள்ளைகளின் அச்சுத் தாள்கள் கடற்கரைக்குச் சென்றன. கடற்கரைப் பிள்ளைகளின் தாள்கள் மலைக்கு வந்தன. ஊர்ப் பண்டங்களும் பொதிகளாகப் போய் வந்தன. மலையிலிருப்பவனுக்கு ஓடத்தைப் பற்றி ஒன்றுந் தெரியாது. ஆகவே ஓடத்தைப் பற்றி எழுதுபவன் தெளிவாக எழுத வேண்டும். இல்லையேல் அடுத்த தபாலிலே கேள்வி வரும். இலக்கணப் புத்தகம் செய்யாத வேலையை அந்தக் கேள்வி செய்தது.

நூறாண்டு கழிந்த பின், அந்த அச்சுப்பொறியின் இடத்தில் இன்று இருக்கத்தக்கது வலைப்பூ. அந்தத் தபாற்காரனின் இடத்தில் இருக்கத்தக்கது செய்தியோடை. பலர் இவ்விரண்டையும் பழைய காலத்துப் பொருள்களெனக் கழித்துவிட்டனர். கைத்தொலைபேசியில் முகநூலும் வட்சப்பும் இருக்கையில் இவை எதற்கு என்பர். வகுப்பறைக்கு ஏற்றவை அவையல்ல, இவையே என்பது எமது துணிபு. காரணங்களைப் பார்ப்போம்.

வலைப்பூ யாதென்பதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. நாள் குறித்து எழுதப்படும் பதிவுகள் புதியது மேலாகவும் பழையது கீழாகவும் அடுக்கப்பட்ட இணைய ஏடு அது. எவரும் கட்டணமின்றித் தொடங்கலாம். வாசிப்போர் பதிவின் அடியிற் கருத்துரை எழுதலாம். செய்தியோடையைச் சிறிது விளக்குதல் நன்று. ஒவ்வொரு வலைப்பூவும், ஒவ்வொரு செய்தித்தளமும், தன் பக்கத்துக்குப் பின்னால் மறைவாக ஒரு பட்டியலை வைத்திருக்கிறது: இன்ன தலைப்பு, இன்ன நாள், இன்ன உள்ளடக்கம் என்று. ஓடைவாசிப்பி எனப்படும் செயலி நாம் குறித்துக் கொடுத்த தளங்களின் பட்டியல்களை அவ்வப்போது சென்று பார்த்து, புதியவற்றை மாத்திரம் எடுத்துவந்து ஓரிடத்தில் வைக்கும். ஐம்பது வீட்டுக்குச் சென்று ஐம்பது படலையைத் தட்ட வேண்டியதில்லை. ஐம்பது வீட்டாரின் கடிதமும் எம் வாசலுக்கு வந்துவிடும்.

இம்முறையின் முதல் வடிவம் 1999இல் நெற்ஸ்கேப் நிறுவனத்திலே பிறந்தது. அதனை ஆக்கியவருள் ஒருவர் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற் பயின்ற இராமநாதன் குகா. அடுத்த ஆண்டு வெளிவந்த திருத்திய வடிவத்தை வகுத்த குழுவில் ஆரோன் சுவார்ட்ஸ் என்னும் அமெரிக்கப் பையனும் இருந்தான்; அப்பொழுது அவனுக்கு வயது 14. ஒன்பதாம் வகுப்பு மாணவருக்கு இதனைச் சொன்னால் நிமிர்ந்து உட்காருவர். ஆங்கிலத்தில் ஆர். எஸ். எஸ். என்று இதற்குச் சுருக்கப்பெயர். இந்தியாவில் அவ்வெழுத்துக்களைச் சொன்னால் முற்றிலும் வேறான ஓர் இயக்கமே நினைவுக்கு வரும். தமிழர் வழங்கிய 'ஓடை' என்ற பெயரில் அத்தொல்லையும் இல்லை; பொருளும் உண்டு. ஆற்றுக்கு ஓடை, ஏரிக்கு ஓடை, வாசகருக்கும் ஓடை.

தமிழிலே இக்கருவிகளுக்கு ஒரு பொற்காலம் இருந்தது என்பதை இன்றைய மாணவர் அறியார். 2003ஆம் ஆண்டிலிருந்து தமிழ் வலைப்பூக்கள் ஒவ்வொன்றாக மலர்ந்தன. கனடாவில் வாழ்ந்த மதி கந்தசாமி அவற்றையெல்லாம் தேடிப் பட்டியலிட்டார். 2004இல் காசி ஆறுமுகம் 'தமிழ்மணம்' என்னும் திரட்டியை அமைத்தார். திரட்டி என்பது ஊர்ப்பொதுவான ஓடைவாசிப்பி. உலகின் எம்மூலையில் எவர் தமிழில் எழுதினாலும் சிறிது நேரத்தில் அதன் தலைப்பு அங்கே தோன்றும். 'தேன்கூடு' முதலாகப் பிற திரட்டிகளும் வந்தன. கோயம்புத்தூர் ஆசிரியரும், ரொறன்ரோவிலுள்ள யாழ்ப்பாணத்தவரும், மட்டக்களப்பு இளைஞரும் ஒரே முற்றத்திற் கூடி வாதிட்டனர். 2009 ஓகஸ்டிலே கொழும்புத் தமிழ்ச் சங்கத்தில் இலங்கைத் தமிழ் வலைப்பதிவர்கள் முதன்முறையாகப் பெருந்தொகையிற் கூடினர். அவ்வாண்டு மே மாதத்திலே வன்னியில் நடந்ததை நினைப்பவர்க்கு, அக்கூட்டத்தில் எவர் இருந்தனர், எவர் இருக்க இயலவில்லை என்பதும் நினைவுக்கு வரும்.

அக்காலத்திலே 'வலைச்சரம்' என்றொரு பதிவு நடந்தது. அதற்கு நிலையான எழுத்தாளர் இல்லை. வாரத்துக்கு ஒருவர் ஆசிரியராவார்; அவர் தம் எழுத்தைக் காட்டுவதைவிட, தாம் வாசித்த பிறரின் பதிவுகளை எடுத்து, இவை ஏன் நல்லவை என்று சொல்லி அறிமுகஞ் செய்வார். வகுப்பறைக்கு இதனினும் பொருத்தமான முறை ஒன்றை எவரும் கண்டுபிடித்ததாக எமக்குத் தோன்றவில்லை. இந்த வாரம் ஒரு மாணவி ஆசிரியை. ஓடையில் வந்த நாற்பது பதிவுகளை அவள் வாசிக்கிறாள்; மூன்றைத் தெரிந்தெடுக்கிறாள்; ஏன் இம்மூன்று என்று பத்து வரி எழுதுகிறாள். தெரிதலும் விடுதலும் கற்றவளே வாசகி. பாடப்புத்தகம் தெரிதலைக் கற்பிப்பதில்லை. அது ஏற்கெனவே தெரிந்தெடுத்து முடித்துவிட்டது. முகநூலும் கற்பிப்பதில்லை, அங்கே தெரிவது நாமல்ல, கணிப்பொறி. ஓடைவாசிப்பியில் மாத்திரமே, யாரை வாசிப்பதென்ற முடிவு வாசகரின் கையிலிருக்கிறது.

மேனாட்டு வகுப்பறைகளிலே நடந்த பரிசோதனைகளும் சொல்லத்தக்கவை. அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில் ஆங்கில ஆசிரியராயிருந்த வில் றிச்சட்சன் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் தம் வகுப்புக்கென வலைப்பூ ஒன்றை அமைத்தார். மாணவர் ஒரு நாவலை வாசித்து, வாசிக்க வாசிக்கத் தம் எண்ணங்களை அதில் எழுதினர். அந்நாவலை ஆக்கிய சூ மங்க் கிட் அம்மையாரே அவற்றை வாசித்து நீண்ட மறுமொழி எழுதினார். கல்லறையில் உறங்குபவர்களே நூலாசிரியர் என்று எண்ணியிருந்த பிள்ளைகளுக்கு, நூலாசிரியர் தம் வகுப்புக்கு வந்து பேசியது என்ன உணர்ச்சியைத் தந்திருக்கும்! கனடாவின் கியூபெக் நகரிலே மரியோ அஸ்லன் அதிபராயிருந்த பாடசாலையில் ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் வலைப்பூ எழுதியதை ஸ்ரீபன் டவுன்ஸ் 2004இல் ஒரு கட்டுரையில் விரிவாக எடுத்துரைத்தார். ஆசிரியர் கட்டளையிட்டு எழுதுவிப்பது வலைப்பூ ஆகுமா, அன்றி வேறு வடிவில் வந்த வீட்டுவேலைதானா என்ற வினாவும் அக்காலத்திலேயே எழுந்துவிட்டது. அவ்வினா இன்னும் தீரவில்லை. புள்ளியிடத் தொடங்கிய நாளிலேயே வலைப்பூ கொப்பியாகிவிடும் என்று நாம் எண்ணுகிறோம்.

ஸ்கொத்லாந்தில் மார்த்தா பெய்ன் என்னும் ஒன்பது வயதுச் சிறுமி 2012இல் எழுத்துப் பயிற்சியாக ஒரு வலைப்பூத் தொடங்கினாள். பொருள் பெரிதன்று: பாடசாலையில் அன்று தரப்பட்ட மதிய உணவின் படமும், அதற்கு அவள் இட்ட மதிப்பும். சில வாரங்களில் உலகெங்குமிருந்து பிள்ளைகள் தம் பாடசாலை உணவின் படங்களை அனுப்பினர். உள்ளூராட்சிச் சபை படம் எடுப்பதைத் தடைசெய்தது; எதிர்ப்பு எழுந்தமையால் அடுத்த நாளே தடையை நீக்கியது. அச்சிறுமியின் பெயரால் ஆபிரிக்கப் பிள்ளைகளின் உணவுக்காக இலட்சம் பவுணுக்கு மேற் சேர்ந்தது. அவள் எழுதியது அருவியைப் பற்றியன்று. தன் தட்டைப் பற்றி.

இனி எம் ஊருக்கு வருவோம். முல்லைத்தீவு நகரிலிருந்து தெற்கே கொக்கிளாய் நோக்கிச் செல்லும் வீதியிலே, அளம்பிலையும் செம்மலையையும் கடந்தால் நாயாறு. ஒருபுறம் கடல், மறுபுறம் நீரேரி. சோளகக் காலத்திலே வெளியூர்ச் சம்மாட்டிமார் வந்து வாடி அமைத்துத் தொழில் செய்வதும், மாரியிலே தூரதேசத்துப் பறவைகள் வந்து களப்பில் மேய்வதும் இக்கரையின் நாட்குறிப்பு. சற்றுத் தெற்கேயுள்ள கொக்கிளாய் நீரேரி 1951இலேயே பறவைச் சரணாலயமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது.

இவ்வூரின் பெயரை இணையத்திலே தேடிப்பார்க்கும் மாணவன் எதைக் காண்பான்? பெரும்பாலும் பிணக்குகளையே காண்பான்: காணிப் பிணக்கு, கடற்றொழிற் பிணக்கு, வழக்கு, ஆர்ப்பாட்டம். அவையெல்லாம் நடந்தவையே, எழுதப்பட வேண்டியவையே. ஆயினும் எழுதியவர் எல்லாரும் வெளியிலிருந்து ஒருநாள் வந்து போனவர்கள். ஆண்டு முழுவதும் அங்கே வாழ்பவரின் எழுத்து அரிது. கரைவலையை மனிதர் பாட்டுப் பாடி இழுத்ததும், இன்று உழவு இயந்திரம் பூட்டி இழுப்பதும், அதனாலே எழுந்த வாதங்களும் அங்குள்ள பத்து வயதுப் பிள்ளைக்குத் தெரியும். வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என நான்கு காற்றுக்கும் முகம் தெரியும். இவற்றை எழுதக்கூடியவர் எழுதவில்லை. எழுதுபவர்க்கு இவை தெரியா.

இன்னொன்றும் உண்டு. 1984ஆம் ஆண்டின் இறுதியிலே நாயாறு, கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி, கொக்கிளாய் மக்கள் தம் ஊர்களைவிட்டு வெளியேற்றப்பட்டனர். திரும்பிவர முடிந்தது 2009இற் போர் முடிந்த பின்னரே. இடையில் ஒரு தலைமுறை வேற்றூரிற் பிறந்து வளர்ந்தது. 2004 திசெம்பர் 26இன் ஆழிப்பேரலை இக்கரையெல்லாம் புரட்டிப் போயிற்று. ஊரின் பழைய வழி எது, கிணறு எங்கிருந்தது, எந்த மரத்தடியிற் பாடசாலை நடந்தது என்பன முதியோர் சிலரின் நினைவில் மாத்திரம் எஞ்சியுள்ளன. அம்முதியோர் ஆண்டுதோறும் குறைகின்றனர். பேரப்பிள்ளை அப்பாச்சியிடம் கேட்டு எழுதினாலன்றி அவை எவ்விடத்தும் எழுதப்படமாட்டா. வலைப்பூவுக்கு இதனினும் தகுந்த பொருள் எங்கேயிருக்கிறது?

இங்கே ஓர் எச்சரிக்கை செய்வது கடமை. வன்னிப் பிள்ளை எழுதினால் போரைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று வெளியுலகம் எதிர்பார்க்கும். ஆசிரியர் அதற்கு உடன்படலாகாது. எழுத விரும்பும் பிள்ளை எழுதட்டும். எழுதாத பிள்ளையைக் கேட்கலாகாது. துயரத்தைப் பிழிந்து வாசகர் சேர்ப்பது கல்வியன்று. நண்டு பிடித்ததை எழுதிய பிள்ளையின் எழுத்தும் எழுத்தே.

பாதுகாப்பைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பிள்ளைகளின் உண்மைப் பெயரும், முகம் தெரியும் படமும், வீட்டின் அடையாளமும் வலைப்பூவில் வரலாகாது. புனைபெயர் போதும், புனைபெயர் வைத்துக்கொள்வது பிள்ளைகளுக்கு மகிழ்ச்சியும் தரும். எப்பதிவும் ஆசிரியர் பார்த்த பின்னரே வெளியாக வேண்டும்; எக்கருத்துரையும் ஆசிரியர் அனுமதித்த பின்னரே தோன்ற வேண்டும். இவ்விரண்டுக்கும் வலைப்பூச் சேவைகளில் வசதியுண்டு. முதியோர் சொன்னதை வெளியிடுமுன் அவர்களிடம் மீண்டும் வாசித்துக் காட்டிச் சம்மதம் பெறுதல் வேண்டும். சில செய்திகள் வீட்டுக்குள்ளே சொல்லப்பட்டவை. உலகுக்குச் சொல்லப்பட்டவை அல்ல. இவ்வேறுபாட்டை அறிவதே பத்திரிகைத் தொழிலின் முதற்பாடம். அதனைப் பதினான்கு வயதிலே கற்பது நட்டமன்று.

"கணினி எங்கே, இணைப்பு எங்கே?" என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயமே. 2020இலே நோய்த்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது கிராமத்துப் பிள்ளைகள் பட்ட பாட்டை நாடறியும். பொஹிட்டியாவ என்னும் குக்கிராமத்துப் பிள்ளைகள் தொலைபேசி அலை தேடிக் காட்டுவழியே நடந்து பாறையுச்சியில் ஏறியதைச் செய்தியாளர் 2021இற் படமெடுத்து உலகுக்குக் காட்டினர். காணொளி வகுப்புக்கு வலிய, இடையறாத இணைப்பு வேண்டும். எழுத்துக்கு அது வேண்டியதில்லை. ஓடைவாசிப்பியின் பெருஞ்சிறப்பு இதுவே: அலை கிடைக்கும் இடத்திலே சில கணம் நின்றாற் போதும், நாற்பது பதிவின் எழுத்தும் தொலைபேசிக்குள் வந்து இறங்கிவிடும். பின்னர் இணைப்பே இல்லாத வகுப்பறையில் அமர்ந்து ஆறுதலாக வாசிக்கலாம். ஆசிரியரின் கைத்தொலைபேசி ஒன்றே போதும். அதுவுமில்லையேல், வாரத்துக்கொருமுறை நகரத்திலே நாலு பக்கம் அச்செடுத்து வந்து சுவரில் ஒட்டலாம். சுவர்ப்பத்திரிகை எம்மவர்க்குப் புதிதன்று.

எழுதுவதும் அவ்வாறே. பிள்ளைகள் கொப்பியிலே எழுதட்டும். தட்டச்சுத் தெரிந்த இருவர் கணினியில் ஏற்றட்டும். இவ்விடத்தில் ஒரு சிறு தடை குறுக்கிடும். எம் பாடசாலைகளிலும் அலுவலகங்களிலும் நெடுங்காலம் வழங்கியது 'பாமினி' எழுத்துரு. பாமினியில் அடித்ததை அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழிராது. பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலே தோன்றும். ஒருங்குறியில் அமைந்த எழுத்தே எங்கும் தமிழாகத் தெரியும், தேடினாலும் அகப்படும். பழையதைப் புதியதாக மாற்றச் சுரதா யாழ்வாணன் ஆக்கிய மாற்றி பல்லாண்டுகளாக ஈழத்தவர்க்கு உதவியது. முகுந்தராஜின் 'எ-கலப்பை' ஒருங்குறியில் நேரே தட்டச்சிட வழிசெய்தது. இவர்கள் பெயர் பாடப்புத்தகத்தில் வருவதில்லை. தமிழிலே இணையத்தில் எழுதும் எவரும் இத்தகைய தொண்டர்களுக்குக் கடன்பட்டவர்களே.

அதிபர்களும் பெற்றோரும் கேட்கும் கேள்வி மற்றொன்று: "பரீட்சைக்கு இது உதவுமா?" சாதாரண தரத் தமிழ்மொழித் தாளில் கட்டுரை எழுத வேண்டும், தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் இப்பொழுது ஒரு பாடமாகவும் உள்ளது, ஆகவே உதவும் என்று மறுமொழி சொல்லிவிடலாம். பொய்யன்று. ஆயினும் அம்மறுமொழி எமக்கே முழுத் திருப்தி தரவில்லை. பரீட்சைக்காக என்று தொடங்கியவை பரீட்சையோடு முடிந்துவிடுவதை நாம் கண்டிருக்கிறோம். வாரத்துக்கு ஒரு பாடவேளை, தமிழாசிரியரும் கணினி ஆசிரியரும் சேர்ந்து, புள்ளியின்றி நடத்த முடியுமானால் நடத்தட்டும். முடியாத பாடசாலை அதனை மன்றத்தின் வேலையாக வைத்துக்கொள்ளட்டும்.

எழுதத் தொடங்குமுன் வாசிக்கத் தொடங்குவது நன்று. ஓடைவாசிப்பியில் எவற்றைச் சேர்ப்பது? ஒரு செய்தித்தளம்; ஓர் அறிவியல் ஏடு; பறவைகளைப் பற்றிய ஒன்று; தமிழ்நாட்டு ஆசிரியர் எழுதும் ஒன்று; புலம்பெயர்ந்த தமிழர் எழுதும் ஒன்று; கருத்தால் ஒன்றையொன்று மறுக்கும் இரண்டு. கடைசியிற் சொன்னது முக்கியம். ஒரே நிகழ்ச்சியை இருவர் இருவிதமாகச் சொல்வதை அருகருகே வைத்து வாசித்த மாணவனை ஏமாற்றுவது எளிதன்று. இத்தோடு, பிரெனேயின் பிள்ளைகளைப்போல, தொலைவிலுள்ள ஒரு பாடசாலையின் வலைப்பூவும் வேண்டும். நாயாற்றுக் கரைக்கு ஏற்ற தோழமை நுவரெலியாத் தேயிலைத் தோட்டத்துப் பாடசாலை ஒன்று என்பது எம் விருப்பம். 'மட்டத்துக் கொழுந்து' என்றால் என்னவென்று கரையிலுள்ளவன் கேட்பான். 'மடி நிறைந்த வலை' என்றால் என்னவென்று மலையிலுள்ளவள் கேட்பாள். இருவரும் எழுத வேண்டிவரும். இருவர் பேசுவதும் தமிழ். ஆனாலும் ஒருவர்க்கொருவர் அகராதி வேண்டும்!

கடைசியாக, நிலையாமையைப் பற்றி. இணையத்தில் ஏற்றியது என்றும் இருக்கும் என்று நம்புதல் பேதைமை. உலகின் மிகப் பெரிய ஓடைவாசிப்பியாயிருந்த கூகுள் றீடரை அதன் நிறுவனமே 2013 யூலை 1இல் மூடியது. தேன்கூடு இன்றில்லை. அக்காலத்துத் தமிழ் வலைப்பூக்கள் பல, கவனிப்பாரின்றிப் பாழ்வளவுபோற் கிடக்கின்றன. சில அடியோடு அழிந்தன. ஓடை முறைமை மாத்திரம் எவருக்கும் சொந்தமில்லாத பொதுவழியாதலால் தப்பிப் பிழைத்தது. இன்று இளைஞர் கேட்கும் ஒலிப்பதிவுத் தொடர்கள் பெரும்பாலும் இதன்வழியேதான் வருகின்றன. ஒரு வாசிப்பி மூடினால் இன்னொன்றுக்குப் பட்டியலைக் கொண்டுபோகலாம். வலைப்பூவுக்கோ அந்தக் காவல் போதாது. ஆண்டு முடிவிலே பதிவுகளையெல்லாம் அச்சிட்டுக் கட்டி, ஒரு பிரதியைப் பாடசாலை நூலகத்திலும், ஒரு பிரதியைப் பிரதேச நூலகத்திலும் வைத்தல் வேண்டும். மின்வடிவை 2005இலிருந்து ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் எண்ணிமப்படுத்திவரும் 'நூலகம்' திட்டத்தாரிடம் கையளிக்கலாம். ஏடுகளை இழப்பது என்னவென்று வன்னியாருக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

முதற் பதிவுக்குப் பொருள் என்ன என்று கேட்கும் ஆசிரியருக்கு ஒன்று சொல்வோம். கோடையிலே மணல் சேர்ந்து அடைப்பதும், மாரிவெள்ளம் பெருகியதும் உடைத்துக்கொண்டு கடலோடு கலப்பதும் இக்கரையோரக் களப்பு வாய்களின் இயல்பு. அந்த வாய்க்குத் தொடுவாய் என்று பெயர். அடுத்த ஊர் அப்பெயரையே தன் பெயரில் வைத்திருக்கிறது. இவ்வாண்டு தொடுவாய் எந்த நாளில் உடைத்தது, முதல் நாள் நீர் என்ன நிறமாயிருந்தது, எந்த மீன் முதலில் ஏறியது, கரையில் நின்றவர்கள் என்ன சொன்னார்கள் என்பவற்றைப் பிள்ளைகள் போய்ப் பார்த்து எழுதட்டும். அடுத்த ஆண்டு அடுத்த வகுப்பு எழுதட்டும். பத்தாண்டுப் பதிவு சேர்ந்தபின், அதனைத் தேடி ஆராய்ச்சியாளர் வருவர். அப்பொழுது அவர்கள் ஊரைப் பற்றிக் கேட்க வேண்டியது அப்பிள்ளைகளிடமாயிருக்கும்.